மொட்டை மலைமேல் மட்டும் போதும்

கேள்வி: என் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பத்து வயசு. நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 960. விளையாடினால் ஓடுகிறது, லைவ் போட்டால் திக்குகிறது. திருப்பதிக் கடையில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
- வாசகர், சித்தூர்

பதில்: பர்ஸுக்கு மொட்டை போடுமுன் பைசா செலவில்லாத வேலை ஒன்று உண்டு. லைவ் போடும் மென்பொருளான ஓபிஎஸ்ஸின் செட்டிங்ஸில் 'அவுட்புட்' பக்கம் போய், என்கோடர் 'எக்ஸ்264' என்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால், பாவம், உங்கள் ஐ5-இன் நாலே கோர்கள் விளையாட்டையும் ஓட்டி வீடியோவையும் சுருக்கிக்கொண்டிருக்கின்றன. அதை 'என்விஎன்க்' என்று மாற்றுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்குள் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிச் சர்க்யூட் இருக்கிறது. 2012-இல் வந்த கெப்ளர் கார்டுகளிலேயே உண்டு. 2022 ஏப்ரலில் உங்கள் மாவட்டத்திலிருந்து திருப்பதியைப் பிரித்தார்களே, அதே பாகப்பிரிவினைதான்.

பிறகு ராமை 16 ஜிபி ஆக்குங்கள். பழைய டிடிஆர்3 கேட்டு வாங்குங்கள். டிடிஆர்4-ஐ எவ்வளவு அழுத்தினாலும் உங்கள் போர்டில் உட்காராது, காடி வேறு இடத்தில்.

அப்புறமும் திக்கினால் ஓபிஎஸ்ஸின் 'ஸ்டாட்ஸ்' ஜன்னலைத் திறங்கள். 'என்கோடிங் லேக்' ஏறினால் 1080-ஐ 720 ஆக்குங்கள். 'ரெண்டரிங் லேக்' என்றால் விளையாட்டின் எஃப்பிஎஸ்ஸை 60-க்குக் கட்டுங்கள். 'நெட்வொர்க்' எண் ஏறினால் குற்றவாளி கம்ப்யூட்டரே அல்ல. வைஃபையை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து கேபிள் இழுங்கள், பிட்ரேட்டையும் குறையுங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் கடைக்காரரிடமே போகலாம். லட்டையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.