பிளாஸ்டிக்குக்கும் வெயில் சுடும்

இந்த வாரக் கடிதங்கள் எல்லாம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமிருந்து வந்தவை. கார் செய்கிற ஊர்கள். கேள்வியிலும் கார் வாசனைதான்.

*கேள்வி: ஏழு வருஷம் ஓட்டிய என் காரின் ஹெட்லைட்டுக்கு மஞ்சள் காமாலை. கண்ணாடி எப்படி சார் மஞ்சளாகும்?*
– வாடகைக் கார் ஓட்டுநர், தண்டலம்

ஆகாதுதான். ஆனால் உங்கள் ஹெட்லைட்டில் முன்னால் இருப்பது கண்ணாடியே இல்லை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. கல் பட்டால் உடையாது, எடை குறைவு, எந்த வளைவுக்கும் வார்க்கலாம் என்பதால் 1980-களிலிருந்து கார்களில் கண்ணாடியை ஓரங்கட்டிவிட்டது.

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை இதன் மூலக்கூறில் உள்ள பென்சீன் வளையங்கள் உறிஞ்சுகின்றன. அந்தச் சக்தியில் சில பிணைப்புகள் அறுந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, புதிய சேர்மங்கள் உண்டாகின்றன. அவை நீல ஒளியை விழுங்குகிற ரகம். வெள்ளை ஒளியில் நீலத்தைக் கழித்தால் கண்ணுக்கு மிஞ்சுவது மஞ்சள். இதற்காகத்தான் மேலே மெல்லிய காப்புப் பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். பெங்களூரு ஹைவே மணலும் சித்திரை வெயிலும் சேர்ந்து அதைத் தின்று தீர்த்திருக்கும்.

*கேள்வி: டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று யூடியூபில் காட்டுகிறார்களே?*
– பெயர் வேண்டாம், மாம்பாக்கம்

ஆகும். வீடியோ முடியும் வரை நிச்சயமாக ஆகும். மஞ்சள் மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது, உரசினால் போய்விடும். கூடவே மிச்சமிருந்த காப்புப் பூச்சும் போய்விடும். இப்போது உங்கள் ஹெட்லைட் சட்டை இல்லாமல் வெயிலில் நிற்கிறது. சில மாதங்களில் காமாலை திரும்பி வரும். பாலிஷ் போட்ட கையோடு புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்காமல் காசு கேட்டால் பாதி கொடுங்கள்.

*கேள்வி: அதே கார், அதே வெயில். பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு மட்டும் ஏன் வாடுவதில்லை?*
– வாசகி, சுங்குவார்சத்திரம்

அது பெரும்பாலும் அக்ரிலிக். நம் மேல் விழும் வெயிலின் புற ஊதாவை அது அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. உள்ளே வாங்காததால் உடைவதும் குறைவு. அப்படியானால் முன்னாலும் அதையே போடலாமே என்பீர்கள். கல் பட்டால் தெறித்துவிடும், விளக்குச் சூட்டையும் அவ்வளவாகத் தாங்காது. அடி தாங்குவதும் நிறம் மாறாததும் ஒரே ஆளிடம் அமைவதில்லை. மாப்பிள்ளை தேடுகிறவர்களுக்குத் தெரியும்.

*கேள்வி: ஒளியை உறிஞ்சுகிறது, உறிஞ்சுகிறது என்கிறீர்கள். உறிஞ்சியதை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் என்னதான் செய்யும்?*
– பாலிடெக்னிக் மாணவன், ஸ்ரீபெரும்புதூர்

தம்பி, இந்த வாரத்தின் நல்ல கேள்வி உன்னுடையது. ஒளியை வாங்கிய மூலக்கூறில் ஓர் எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறிவிடும். அங்கே குடியிருக்க முடியாது, இறங்கியாக வேண்டும். இறங்கும்போது வாங்கியதை ஒளியாகவே திருப்பித் தரலாம்: பண்டிகை மேடையின் ஊதா விளக்கில் வெள்ளைச் சட்டை நீலமாக ஜொலிப்பது இந்த வகை. புற ஊதாவை வாங்கி நீலமாகத் தருவது, சட்டையில் ஒட்டியிருக்கும் சோப்புத்தூளின் வெண்மையூட்டி. இல்லையென்றால் உடம்பை உதறிச் சூடாக்கிவிடலாம். இரண்டும் முடியாதபோதுதான் பிணைப்பு அறுகிறது. ஓட்டுநர் அண்ணனின் ஹெட்லைட் அந்தக் கேஸ்.

ஆகவே மோல்டிங் கம்பெனிகளின் சாமர்த்தியமெல்லாம் மூலக்கூறை இரண்டாவது வழியில் தள்ளிவிடுவதில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் சேர்க்கும் மாஸ்டர்பேட்ச் என்ற நிறக் குருணையோடு பென்சோட்ரையசோல் வகைச் சேர்மத்தைக் கொஞ்சம் கலப்பார்கள். புற ஊதா பட்டதும் அதிலுள்ள ஒரு ஹைட்ரஜன், ஆக்சிஜனை விட்டு நைட்ரஜனுக்குத் தாவும். வந்த சக்தியைச் சூடாக விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எல்லாம் கண் இமைப்பதற்குள் என்றுகூடச் சொல்ல முடியாது. இமைப்பது அதற்கு ஒரு யுகம். திரும்பியதும் அடுத்த கதிருக்குத் தயார். இதற்குத் தப்பி எங்காவது பிணைப்பு அறுந்தால், அந்த அறுந்த முனைகளைப் பிடித்து அடக்க ஹால்ஸ் என்ற அமீன் வகைச் சேர்மம் ஒன்றும் உண்டு. இது மிட்டாய் அல்ல.

இவை சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, செனான் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பல வருஷ வெயிலைச் சில வாரங்களில் காட்டுவார்கள். அதுவும் போதாதென்று உலகக் கம்பெனிகள் மாதிரிகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் அனுப்பி மாதக்கணக்கில் காயப்போடுகின்றன. மே மாதத்தில் நம் கம்பெனி பார்க்கிங்கைப் பார்த்தவர்கள் விமானச் செலவை மிச்சப்படுத்தியிருப்பார்கள்.

*கேள்வி: காரின் பெயின்ட் அடிக்காத கருப்பு ஓரங்கள் சாம்பல் பூத்துவிட்டன. தேங்காய் எண்ணெய் தடவினால் கருப்பாகிறது, நாலு நாளில் பழையபடி. என்ன மாயம்?*
– ஷிஃப்ட் சூப்பர்வைசர், ஒரகடம்

மாயம் இல்லை. அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். கருப்பு எங்கும் போகவில்லை. வெயில் மேல்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களாக உடைத்திருக்கிறது. ஒவ்வொரு விரிசலும் ஒளியைச் சிதறடிப்பதால் வெளுப்பாகத் தெரிகிறது. எண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்புகிறது. எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பதால் சிதறல் அடங்கி, அடியிலுள்ள கருப்பு எட்டிப் பார்க்கிறது. மழையில் எண்ணெய் போனால் விரிசல் பாக்கி. நடுவில் நாலு நாள் தூசி ஒட்டும் லாபம் வேறு.

*கேள்வி: வெயிலில் கருக்கும் மூக்குக்கண்ணாடி வாங்கினேன். கார் ஓட்டும்போது மட்டும் கருப்பதே இல்லை. ஏமாந்துவிட்டேனா?*
– நில ஆவணம் பார்ப்பவர், வல்லம்

நீங்கள் ஏமாறவில்லை, கண்ணாடிதான் ஏமாந்தது. அந்தப் பிளாஸ்டிக் லென்ஸில் உள்ள சாயம் புற ஊதா பட்டால்தான் உருமாறிக் கருக்கும். காரின் முன்கண்ணாடியோ இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிவிபி என்ற பாலிமர் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கூடவே புற ஊதாவையும் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. வெளியே வெயில் என்ற தகவலே லென்ஸுக்குப் போய்ச் சேராது. இன்னொன்று: சூடு ஏறினால் இந்தச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். ஊட்டிக் குளிரில் கருக்கும் அளவுக்கு அக்னி நட்சத்திரத்தில் கருக்காது. எங்கே அதிகம் தேவையோ அங்கே குறைவாக வேலை செய்யும் பொருள்களில் இதுவும் ஒன்று.

*கேள்வி: செல்போன் திரையில் ஒளிர்வது பிளாஸ்டிக்தான் என்கிறான் என் ரூம்மேட். நானும் செல்போன் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன், யாரும் சொல்லவில்லையே?*
– விடுதி வாசி, பிள்ளைப்பாக்கம்

ரூம்மேட் பாதி சரி. 1990-ல் கேம்பிரிட்ஜில் பிபிவி என்ற பாலிமருக்கு மின்சாரம் கொடுத்தபோது மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது. அதற்கு முன்னோடியாக, பாலிமரிலும் மின்சாரம் ஓடும் என்று காட்டிய ஹீகர், மக்டயார்மிட், ஷிராகாவா மூவருக்கும் 2000-ல் நோபல் கிடைத்தது. ஆனால் இன்றைய ஓஎல்இடி போன்களில் ஒளிர்பவை பெரும்பாலும் சிறு மூலக்கூறுகள். 1987-ல் கோடாக் நிறுவனத்தின் டாங்கும் வான்ஸ்லைக்கும் காட்டிய வழி.

அதற்காக பாலிமருக்கு வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். மடக்குகிற திரைக்கு அடித்தளம் பாலிஇமைடு. 2006 முதல் 2014 வரை உங்கள் ஊர்ப் பக்கம் நோக்கியா ஆலையில் செய்த போன்களின் எல்சிடி திரையில், அயோடின் ஏற்றி இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் படலம் இல்லாமல் ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்காது. அதே வகைப் படலம் உள்ள போலராய்டு கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு எல்சிடி திரையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இருண்டுபோகும். ரூம்மேட்டுக்குக் காட்டிப் பந்தயம் கட்டலாம்.

*கேள்வி: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஏன் கருப்பு?*
– குடித்தனக்காரர், இருங்காட்டுக்கோட்டை

கரித்தூள். இரண்டு சதவீதம்போல் கலந்தால் வருகிற புற ஊதாவையெல்லாம் விழுங்கிச் சூடாக்கிவிடும், பிளாஸ்டிக் பிழைக்கும். உள்ளே வெளிச்சம் போகாததால் பாசியும் பிடிக்காது. மதியக் குளியலுக்கு வெந்நீர் இலவசம், கேட்காமலே.

*கேள்வி: இந்த ஒளி விஷயத்தில் நம் ஊர்க்காரர் பெயர் ஒன்றுகூட வரவில்லையே?*
– தமிழாசிரியர், ஸ்ரீபெரும்புதூர்

வராமலா? திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன், 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் கண்ட ராமன் விளைவுதான் இன்று பிளாஸ்டிக்குகளை அடையாளம் காணும் கருவிகளில் வேலை செய்கிறது. லேசர் ஒளி சிதறும்போது ஏற்படும் நிற மாற்றம், பாலிஎதிலீனுக்கு ஒரு மாதிரி, பாலிபுரொப்பிலீனுக்கு ஒரு மாதிரி. கருப்புப் பிளாஸ்டிக் வந்தால் மட்டும் தகராறு. மறுசுழற்சி ஆலைகளில் தரம் பிரிக்கும் அகச்சிவப்புக் கருவிகளுக்கும் இதே கதை: அனுப்பிய ஒளியைக் கரித்தூள் விழுங்கிவிட்டால் கருவி எதைப் பார்க்கும்? வெயிலிலிருந்து காப்பாற்றிய அதே கரி, மறுபிறவிக்குத் தடையாக நிற்கிறது.

*கேள்வி: என் மகன் பத்தாவது முடித்துவிட்டான். பிளாஸ்டிக் படிப்பு என்று ஒன்று உண்டா, படித்தால் வேலை கிடைக்குமா?*
– தகப்பனார், சுங்குவார்சத்திரம்

உண்டு. கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசு நிறுவனம் 1968 முதல் இருக்கிறது. பத்தாவது முடித்தவர்களுக்கு மூன்று வருட டிப்ளமோ: பிளாஸ்டிக் தொழில்நுட்பம் ஒன்று, மோல்டு செய்வது ஒன்று. மோல்டிங் கம்பெனிகளை உங்கள் வாசலிலேயே வைத்துக்கொண்டு வேலை கிடைக்குமா என்று என்னைக் கேட்கிறீர்கள். அடுத்த கடிதத்தை எனக்குப் போடாமல், விண்ணப்பத்தைக் கிண்டிக்கு அனுப்புங்கள்.