சேரப்பணஞ்சேரி ரிசப்ஷன்களில் டீஜேயின் மேல் எழும் வெகுளி: ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. இங்கே இரவு விடுதி இல்லை. ஆகவே நடனத்தள ஒழுக்கம் பற்றிய ஆய்வுக்கு இவ்வூர் ஏற்றதல்ல என்று அவசரக்காரர்கள் சொல்லக்கூடும். நடனத்தளத்துக்குக் கட்டடம் எதற்கு? நாற்காலிகளை நகர்த்தினால் போதும். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கு இந்தச் சாலையோரக் கல்யாண மண்டபங்கள் ஒவ்வொன்றும் இரவு விடுதியாக மாறி, பத்து மணிக்குப் பழையபடி மண்டபமாகிவிடுகின்றன.

நடன அரங்கின் அளவு பற்றி நமக்கு முன்னூல் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று வரையறுக்கிறது. சேரப்பணஞ்சேரி வட்டார அளவை சற்றே வேறு: அகலம் மூன்று வரிசை நாற்காலி, நீளம், முன்வரிசைப் பெரியவர்கள் எத்தனை பேர் எழுந்து நகரச் சம்மதிக்கிறார்களோ அத்தனை. உயரம் கிடையாது. மேடை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும், வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்பவர்களுக்கும் உரியது. அங்கே ஆடினால் போட்டோகிராபர் கோபித்துக்கொள்வார். அந்தக் கோபம் வேறு ஆய்வுக்குரியது.

அதே காதை தண்ணுமை வாசிப்பவனின் இலக்கணத்தையும் சொல்கிறது. மற்றக் கருவிகளில் குறைவதை நிரப்பவும் மிகுவதை அடக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் ஒலி மற்றதை மீறிவிடக் கூடாது. டீஜேயிடம் நிரப்புவதற்கும் அடக்குவதற்கும் மிக்சரில் வரிசையாகக் குமிழ்கள் இருக்கின்றன. நிரப்பும் பக்கம் மட்டும் திருகித் திருகி எழுத்து அழிந்திருப்பதை எந்த மண்டபத்திலும் காணலாம்.

ஆட்டக்காரர் தன் அதிருப்தியை எப்படிக் காட்டுகிறார் என்ற மையக் கேள்விக்கு வருமுன், முன்பு எப்படிக் காட்டினார் என்று பார்த்தாக வேண்டும். பறையோ பம்பையோ பேண்டு செட்டோ அடித்த காலத்தில், அடிப்பவரின் கண் ஆடுபவரின் காலில் இருந்தது. கால் தளர்ந்தால் அடி மாறும். பிடித்துவிட்டால் பத்து ரூபாய் நோட்டைத் தலையைச் சுற்றி, அடிப்பவரின் சட்டையில் குத்திவிடுவார்கள். பிடிக்காவிட்டால் நோட்டு பாக்கெட்டிலேயே இருக்கும். பாராட்டும் கண்டனமும் ஒரே நோட்டில் அடங்கிவிட்ட சிக்கனமான முறை அது. டீஜேக்கு இது பொருந்தவில்லை. அவர் மேசைக்குப் பின்னால் நிற்கிறார். கண் லேப்டாப்பில் இருக்கிறது. டீசர்ட்டில் நோட்டுக் குத்தினால் ஊசி அவர்மேல் பாயும்.

இன்னொரு வேறுபாட்டையும் மறைப்பதற்கில்லை. பறையடிப்பவரைப் பார்த்து ‘ஏய், நிறுத்துடா’ என்று சொல்ல ஊரின் வாய் ஒருநாளும் கூசியதில்லை. அவர் தாத்தன் வயதுக்காரராக இருந்தாலும் அப்படித்தான். அதே வாய், காதில் ஹெட்போன் மாட்டிய இருபத்திரண்டு வயதுப் பையனை ‘ப்ரோ’ என்கிறது. நடனத்தள நாகரிகம் வளர்ந்துவிட்டதற்குச் சான்றாக இதைக் காட்டுவோர் உண்டு. இவ்வாய்வாளர் அந்தக் கட்சியில் இல்லை. அந்தப் பையனே நாளைக் காலை பறையைத் தோளில் மாட்டி வந்து நின்றால் அவனுக்கு எந்த விளி கிடைக்கும் என்பதைப் பொறுத்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

இனி வெகுளி. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்று சொல்லி, வெகுளி பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உரை எழுதிய இளம்பூரணரும் பேராசிரியரும் டீஜேயைக் கண்டவர்களல்லர். இருந்தும் இந்த நான்கும் ஒரகடம் வட்டார ரிசப்ஷனுக்கென்றே அளவெடுத்தது போல் அமைந்திருப்பது வியப்பு.

உறுப்பறை, அதாவது உறுப்பை அறுத்தல். பாட்டின் பல்லவி முடிந்து, இடையிசை வந்து, சரணத்துக்கு முன்னால் ஓர் அடி விழும். அந்த ஒரே அடிக்காக மூன்று நண்பர்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்து வந்திருப்பார்கள். மூவரும் வலது காலைத் தூக்கிவிட்டார்கள். சரியாக அந்த நொடியில் டீஜே பாட்டை அறுத்து அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். தூக்கிய காலை எங்கே வைப்பது என்பது சட்டென்று விடை காண முடியாத கேள்வி. ஒருவன் அப்படியே நொண்டி அடித்துச் சமாளிக்கிறான். மற்றவன் அந்தக் காலைச் செருப்புத் தேடுவதற்குப் பயன்படுத்துகிறான். மூன்றாமவன் மட்டும் நின்று டீஜேயைப் பார்க்கிறான். நாம் தேடிவந்த வெகுளி அவனுடைய பார்வையில்தான் இருக்கிறது. ஆனால் டீஜே அடுத்த பாட்டை வரிசையில் போட்டுக்கொண்டிருக்கிறார், பார்க்கவில்லை.

குடிகோள், குடிக்குக் கேடு செய்தல். மாப்பிள்ளை அஜித் ரசிகர். பேனரில் பாதி இடம் அஜித்துக்கு. முதல் பாட்டே விஜய் பாட்டு. இது முன்பெல்லாம் மாப்பிள்ளையின் தோழர்களோடு முடிந்த விவகாரம். 2024 பிப்ரவரியில் விஜய் கட்சி தொடங்கிய பிறகு, ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியப்பாக்களும் இதில் வந்து சேர்ந்துவிட்டார்கள். பழைய கழகக்காரரான ஒரு பெரியப்பா, ‘இன்னாப்பா, கல்யாணமா, மாநாடா?’ என்று கேட்டால், அந்தக் கேள்வி டீஜேக்கு அல்ல, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. கேள்வி போகும் இந்தத் திசையை வாசகர் நினைவில் வைக்க வேண்டும்.

அலை என்பது அலைக்கழித்தல். பாட்டுக்கு நடுவே மைக்கை எடுத்து, ‘எல்லாரும் கைய மேல தூக்குங்க! இன்னும் சத்தம் பத்தல!’ என்று நான்கு அடிக்கு ஒருமுறை கட்டளையிடும் டீஜேகள் இவ்வகையில் சேர்வர். கொலையை விளக்கத் தேவையில்லை. இளையராஜாவின் மெல்லிய பாட்டு ஒன்றின் அடியில் குத்து பீட்டைக் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்குமோ, அதுதான்.

வெகுளி பிறந்துவிட்டது. அதை வெளிப்படுத்தும் முறைக்கு உலகில் பல முன்மாதிரிகள் உண்டு. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில், டிஸ்கோ இசையை வெறுத்த ஒரு வானொலி அறிவிப்பாளரின் யோசனைப்படி, இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை மைதானத்திலேயே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் களத்தில் இறங்கிவிட, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. சேரப்பணஞ்சேரியில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் கிடையாது. பிடிக்காவிட்டால் சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஆய்வு முறையியலின் பெரிய இடர்ப்பாடு இங்கேதான். எட்டரை மணிக்குத் தளம் காலியாகிறது. இது கண்டனமா, பசியா? சென்னை மார்கழி சபாக்களைப் பற்றி எழுதியவர்களும் இந்த இடத்தில் திணறியவர்கள்தாம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ரசிகர்கள் எழுந்து கேன்டீனுக்குப் போவது மிருதங்கத்தின் மேல் உள்ள அபிப்பிராயமா, கீரை வடையின் மேல் உள்ளதா என்று இன்றுவரை யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. நம் வட்டாரத்தில் ஓர் அளவுகோல் உண்டு. சாப்பிடப் போகிறவர் இலை போட்டாயிற்றா என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் பசி. பார்க்காமலே போய், பந்தி வாசலில் இடத்துக்குக் காத்து நின்றால் வெகுளி.

பந்திக்கும் போகாமல் தளத்திலேயே நின்று போராடுபவர்கள் கைப்பேசியை எடுக்கிறார்கள். யூட்யூபில் பாட்டின் பெயரைத் தேடி, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, டீஜேயின் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். டீஜே கட்டைவிரலை உயர்த்துவார். ‘அடுத்து இதான் ப்ரோ.’ அடுத்து அது வராது. அதற்கடுத்தும் வராது. இருவருக்குமே அது வராது என்பது தெரியும். ஆனாலும் திரையை நீட்டியவர் தன் வட்டத்துக்குத் திரும்பி, ‘சொல்லிட்டேன் மச்சான்’ என்கிறார். சொல்லியாயிற்று என்ற திருப்தியிலேயே அடுத்த இரண்டு பாட்டு ஓடிவிடுகிறது. பெண்கள் வட்டத்துக்கு இந்த முறையில் நம்பிக்கை இல்லை. அவர்கள் ஓடும் பாட்டை மதிக்காமல் தங்களுக்கு வேண்டிய பாட்டைத் தாங்களே உரக்கப் பாடி ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேரும் ஒரே ரிசப்ஷனுக்கு வந்தால் டீஜே தேவைப்படமாட்டார் என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறு அதிருப்திக்குத் தனிச் சொல் ஒன்றைத் தந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் 1998இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது; ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசானும் 2012இல் டைம்லரும் உற்பத்தி தொடங்கின. கொரிய, ஜப்பானியப் பழக்கத்தில் தேறாத பாகம் ‘என்ஜி’. அது சிவப்புத் தொட்டிக்குப் போகும். மண்டபத்தில் ஒருவன் மற்றவன் காதில் ‘என்ஜி மச்சான்’ என்றால், அது மாப்பிள்ளையையோ பாயசத்தையோ பற்றியதல்ல. ஓடுகிற பாட்டைப் பற்றியது. டொயோட்டா முறையைப் பின்பற்றும் தொழிற்சாலைகளில், பிழை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தக் கோரலாம்; ஆண்டன் என்பார்கள். மண்டபத்தில் அந்தக் கயிறு இல்லை. ஆனால் ஸ்பீக்கர் ஒயர் தரையில்தான் ஓடுகிறது. அதில் ‘தெரியாமல்’ கால் தட்டிய நிகழ்வுகள் நம் வட்டாரத்தில் அடிக்கடி நேர்வன.

கலப்புத் தளங்களின் ஒழுக்கம் கடினமானது. செப்டம்பர் 17 விசுவகர்மா பூஜை அன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் தங்குமிடங்களுக்கு வெளியே பாக்ஸ் வைத்து ஆடும்போது போஜ்புரிப் பாட்டு ஓடும். நம்மவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். தமிழ்ப் பாட்டு வந்ததும் சுவர் கைமாறும். யாரும் முகம் சுளிப்பதில்லை. சுவரோரம் நிற்பதே போதிய கண்டனம். 2013இல் வந்த இந்திப் படப் பாட்டான லுங்கி டான்ஸ், ரஜினிக்குச் செய்த மரியாதை என்பதால், இரு தரப்பும் தங்களுடையது என்று நினைத்து ஆடுகின்றன. அனுபவமுள்ள டீஜே அதைக் கடைசி வரை கைவசம் வைத்திருப்பார்.

ஒலியளவு பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரம்பு. அதற்கு மேல் போனால் காதில் அடைப்பான் கட்டாயம். மாட்டாமல் நின்றால் சேஃப்டி ஆபீசர் பெயரை எழுதிக்கொள்வார். அந்த அடைப்பானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வந்து பேஸ் பாக்ஸுக்கு ஓரடி தள்ளி நிற்பவர்தான் ‘சத்தம் பத்தல’ என்று முதலில் கத்துகிறவர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. டாஸ்மாக் கடை மூடுவதும் அதே பத்து மணிக்கு. அரசின் இரண்டு துறைகள் நேரத்தில் இப்படி ஒத்துப்போவது அபூர்வம். டீஜேயைப் பார்த்து முகத்துக்கு நேராக ‘நிறுத்து’ என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர், பத்து மணிக்கு மெயின் சுவிட்ச் அருகில் வந்து நிற்கும் மண்டப வாட்ச்மேன். இரண்டாவது ஷிஃப்ட்காரர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது மண்டபத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆடாதவர்களுக்கு டீஜே மேல் புகாரே இருக்காது என்று எண்ண வேண்டாம். ஆடியவர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம்.

மற்றவர் எல்லோருடைய வெகுளியும் எங்கே போயிற்று? மேலே சொன்ன அத்தனை உதாரணங்களிலும் டீஜேயிடம் யாரும் நேராகச் சண்டை பிடிக்கவில்லை. பெரியப்பா மாப்பிள்ளையின் அப்பாவைக் கேட்டார். அப்பா, டீஜேயை ஏற்பாடு செய்த மைத்துனரை ஓரமாக அழைத்துப் போனார். மைத்துனர் டெக்கரேஷன்காரருக்குப் போன் போட்டார். டெக்கரேஷன்காரர் சவுண்டு சர்வீஸ் ஓனருக்குப் போட்டார். சேரப்பணஞ்சேரியில் அதிருப்தி ஒப்பந்தத்தின் வழியாகவே பயணிக்கிறது. குறுக்கு வழியில் போவது மரியாதைக் குறைவு. பெரிய கம்பெனி பாகத்தைத் திருப்பி அனுப்பினால் சப்ளையருக்கு டெபிட் நோட் போகும், சப்ளையர் லேபர் கான்ட்ராக்டரிடம் பிடிப்பார், கான்ட்ராக்டர் தினக்கூலிப் பையனிடம் பிடிப்பார். பகலில் அந்த லைனில் நிற்கும் பையன்தான் சில சமயம் ராத்திரியில் லேப்டாப்புக்குப் பின்னாலும் நிற்கிறான். அவனுக்கு இந்தப் பாதை பழக்கமானது.

பதினொரு மணிக்கு மண்டபத்து மாடிப்படியடியில் கணக்கு முடிப்பார்கள். மைத்துனர் நோட்டுகளை எண்ணி, ஐந்நூறை எடுத்துத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

‘பேஸ் கம்மியா இருந்துச்சுல்ல, தம்பி.’

‘ஆமாண்ணா, ஒரு பாக்ஸ் போயிடுச்சு. யாரோ ஒயர்ல கால் தட்டிட்டாங்க.’

‘பாட்டும் நடுவுல நடுவுல கட் ஆயிடுச்சு.’

‘அது மிக்ஸ்ணா. ஓனர் கேட்டா நீங்களே சொல்லிருங்க. இல்லன்னா என் பேட்டாவுல புடிச்சுருவாரு.’

‘நான் எதுக்குப்பா அவருகிட்ட பேசணும்? எனக்குப் பழக்கம் டெக்கரேஷன்காரருதான்.’