மச்சானுக்கு இடம் உண்டா?

கேள்வி: 7,000 பவுண்டு டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கப்போகிறேன். என் பிக்கப் டிரக் 9,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறான். தாராளமாகப் போதும்தானே? – டெக்சாஸ் வாசகர்

பதில்: இழுக்கும் சார், பேஷாக இழுக்கும். சுமக்குமா? டிரெய்லர் என்ன, பின்னால் சும்மா உருண்டா வரும்? தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ஹிட்ச் வழியாக உங்கள் டிரக்கின் முதுகில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பும். சாமானைப் பின்பக்கம் தள்ளி அந்தப் பாரத்தைக் குறைக்கப் பார்த்தீர்களோ, நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கிவிடும்.

விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறங்கள். தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 1,500 என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் ஏற்றும் பாரம் சுமார் 900, எடையைப் பகிர்ந்துவிடும் ஹிட்ச் ஒரு 100, நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள் 500. தீர்ந்தது கணக்கு! ஊரிலிருந்து வரும் மச்சானுக்கு இடமில்லை. (அதற்காகவே வாங்கிவிடாதீர்கள்.) இட்லி கிரைண்டரை டிரெய்லருக்குள் ஒளித்து வைத்தாலும் அதன் பங்கு ஹிட்சுக்கு வந்துசேரும்.

இன்னொன்று, அந்த 7,000 காலி எடையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், 40 காலன் தண்ணீர் நிரப்பினாலே 330 பவுண்டு கூடிவிடும். அப்புறம் இறங்கி நடக்க வேண்டியவர் நீங்கள்தான்.