வீடு குலுங்குது மருமகனே!

ஏம்ப்பா மருமகனே, நேத்து ராத்திரி பூகம்பம்னு நெனச்சு உங்க அத்தை வாசலுக்கு ஓடிட்டா. அப்புறந்தான் தெரிஞ்சது, மாடியில நீங்க படம் பாக்குறீங்கன்னு. சரி, படத்துல ஹீரோப் பய கடைசியில என்ன வசனம் பேசுனான், சொல்லுங்க பாப்போம்? தெரியாது. அலமாரி எவர்சில்வர் டம்ளர் மட்டுந்தான் தெளிவாப் பேசுச்சு.

1974-ல 'எர்த்குவேக்'னு ஒரு இங்கிலீஷ் படம். சென்சரவுண்டுன்னு சொல்லி, தியேட்டருக்குள்ள பெரிய பெரிய பெட்டிகளை எறக்கி சீட்டையே அதிர வச்சானுக. அவனுக்குக் கதையே பூகம்பம், அதிர வச்சான். நீங்க பாக்குறது குடும்பப் படம். மாமியார் கண்ணைக் கசக்குறதுக்கு எதுக்கய்யா தரை ஆடணும்?

நானும் ஒரு காலத்துல விசேஷ வீட்டுக்கு ரேடியோ செட்டு கட்டுனவன்தான், கொஞ்சம் காது குடுங்க. முன்னாடி நிக்கிற ஸ்பீக்கருக நாயனம், சப்ஊஃபர் தவிலு. நீங்க தவிலுக்காரரை விடிய விடிய தனி ஆவர்த்தனம் வாசிக்க விட்டிருக்கீங்க.

மொதல்ல சப்ஊஃபர் பெட்டியை அந்த மூலையில இருந்து கெளப்புங்க. மூலையில ரெண்டு செவரும் தரையும் சேந்து பாஸைத் தூக்கிக் குடுக்கும். சும்மா கெடைக்குதேன்னு வாங்கிக்கிட்டீங்க. உங்க ரூம்பு நீளம் 12 அடி. அதுல 47 ஹெர்ட்ஸ் பக்கம் வர்ற சத்தம் செவத்துக்கும் செவத்துக்கும் முட்டிக்கிட்டு நிக்கும். செவத்தோரம் படுத்தவனுக்கு நெஞ்சை அடைக்கும், நட்ட நடுவுல சோபாவுல இருக்கிறவனுக்கு ஒண்ணுமே கேக்காது. நீங்க நடுவுல உக்காந்துக்கிட்டு, பத்தலை பத்தலைன்னு வால்யூமைத் திருகுறீங்க.

இதுக்கு ஒரு வழி இருக்கு. நீங்க உக்கார்ற எடத்துல பெட்டியைத் தூக்கி வைங்க. பாஸ் கிடாரு மேலயும் கீழயும் நடக்குற பாட்டு ஒண்ணைப் போட்டுட்டு, செவத்தோரமா முட்டி போட்டுத் தவழுங்க. எந்த எடத்துல ஒவ்வொரு சுரமும் ஒரே அளவா, கும்முன்னு அடைக்காம கேக்குதோ, பெட்டிக்கு அதுதான் எடம். தவழும்போது கதவைச் சாத்திக்கங்க. பொண்ணு குடுத்தவன் நான், நாலு பேரு பாத்தா எனக்குத்தான் வெக்கம்.

பெறகு ரிசீவர்ல ஸ்பீக்கரை 'ஸ்மால்'னு போடுங்க. கவுரவம் ஒண்ணும் கொறையாது. 80 ஹெர்ட்ஸ்ல பிரிச்சு விடுங்க. அதுக்குக் கீழ வர்ற சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு காதுக்குப் புடிபடாது. சப்பு முதுகுல இருக்கிற கிராஸ்ஓவர் திருகைக் கடைசி வரைக்கும் ஏத்திருங்க. ஒரே சத்தத்தை ரெண்டு எடத்துல வெட்டுனா நடுவுல ஓட்டை விழும். ஃபேஸ் சுவிட்சை 0, 180 ரெண்டுலயும் போட்டுப் பாத்து, எது நெறவாக் கேக்குதோ அதுல விடுங்க.

அளவு? சோதனை இரைச்சல்ல முன் ஸ்பீக்கரு 75 டெசிபெல்னா சப்பும் 75. வசனம் புரியலைன்னா நடு ஸ்பீக்கரை ஏத்துங்க. படம் ஓடும்போது சப்பு ஓடுறதே தெரியக்கூடாது. அணைச்சா மட்டும் என்னமோ கொறையுதேன்னு இருக்கணும்.

இவ்வளவும் பண்ணிட்டு இன்னொரு சப்பு வேணும்னு தோணுனா வாங்கிக்கங்க. எதிரெதிர் செவத்துக்கு ஒண்ணா வச்சா ரூம்பு பூரா பாஸ் சமமாப் பரவும், அது நெசந்தான். ஆனா காசுக்கு என்கிட்ட வராதீங்க.