‘ஓரிரு இடங்கள்’ எங்கே உள்ளன? கோட்டைக்குப்பத்துக் கோடையிடி ஆய்வுக்கு ஒரு முன்னுரை

அ. களம். கோட்டைக்குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இந்தப் பகுதியில் ஜெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, குப்பம் இருக்கிறது. இடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் டச்சுக்காரர் இல்லாமல் பழவேற்காடு பற்றிக் கட்டுரை எழுதினால் அதை யாரும் ஆய்வு என்று ஒப்புக்கொள்வதில்லை.

ஆ. பருவம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். இதை வகுத்தவர்கள் கத்திரி வெயிலில் இந்த மணலில் செருப்பில்லாமல் நின்றதற்குச் சான்று இல்லை.

இ. காரணம். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே ஏறும். மேற்கே காய்ந்த தரையின் சூட்டுக்காற்று அதை எதிர்கொள்ளும். இரண்டும் சேருமிடத்தில் ஈரக்காற்று மேலே எழும்பி, பொன்னேரிக்கு அப்பால் மேகமாகத் திரளும். உயரத்தில் அடிக்கும் மேல்காற்று அந்த மேகத்தைச் சாயங்காலம் கடலை நோக்கித் தள்ளும். மேற்படி முழுவதையும் குப்பத்தில் “மேக்கால கறுக்குது” என்று முடித்துவிடுகிறார்கள். முனைவர் பட்டத்துக்கு இது போதாது.

ஈ. மின்னல். ஆபத்தானது. ஆழமில்லாத ஏரியில் வலையோடு நிற்கும் மனிதனைவிட உயரமாக அங்கே ஒன்றும் கிடையாது. அதே ஏரிக்கு அந்தப்பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டுக்கு மின்னல் தாங்கிக் கோபுரங்கள் உண்டு.

உ. மையப் பிரச்சினை. “ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்” என்பது வானிலை அறிக்கை. அந்த இடங்கள் எவை? இந்திய வானிலைத் துறையின் கணக்கில், நூற்றுக்கு 25 நிலையங்கள் வரை மழை பெற்றால் அது ஓரிரு இடம். 2.5 மி.மீ.க்குக் குறைந்த மழையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது, 2.4 மி.மீ. பெய்தால் துறையின் கணக்கில் அந்த இடத்தில் மழையில்லை. இதை யாரும் நெத்திலிக் கருவாட்டிடம் சொல்லவில்லை. மணலில் காயும் கருவாடு ஒரு மி.மீ.யிலேயே கெட்டுவிடுகிறது (கருவாட்டுக்கார ஆயா, வாய்மொழி).

எனவே கருவாட்டையே அளவியாகக் கொள்ளலாம் என்பது என் துணிபு. கருவாட்டை மழையிலிருந்து காப்பதில் இரு மரபுகள் உண்டு. தார்ப்பாய் மரபினர் மேகம் கண்டதும் மூடுவர். மழை ஏமாற்றினால் கருவாடு உள்ளேயே புழுங்கி நாறும். அள்ளல் மரபினர் முதல் சொட்டு விழும்வரை காத்திருந்து முறத்தோடு ஓடுவர் (மேற்படி ஆயா, சென்னாக்கூனி புரட்டியபோது). இரண்டையும் இணைக்க முயன்ற மூன்றாம் மரபு, எதிர்வீட்டு அக்காள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பது. எதிர்வீட்டு அக்காளும் அதையே பார்த்துக்கொண்டிருப்பதால் இம்மரபு அழிந்துவருகிறது (மேற்படி ஆயா, பாதி வாக்கியம், மீதி ஓடிக்கொண்டே, முதுகு காட்டி, காற்றுக்கு எதிர்த்திசையில், ஆகவே பாடபேதம் உண்டு).

மரபறிவு ஆராய வரும் அறிஞர்கள் இந்தத் தரவைப் பதிவு செய்ததில்லை. கார் மூன்று மணிக்குத் திரும்பிவிடுகிறது. இடி நான்கு மணிக்கு மேல்தான் வருகிறது. ஆகவே அவர்கள் கட்டுரைகளில் கோட்டைக்குப்பத்து வானம் எப்போதும் தெளிவு.

ஊ. பரிந்துரை. இந்த ஏரியில் மீன்பிடி இடங்களைக் குப்பத்தார் ‘பாடு’ என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதில் குழப்பமில்லை. ‘ஓரிரு இடங்க’ளையும் அதேபோலப் பாடு வைத்துப் பிரித்துவிடலாம்: திங்கள் நடுக்குப்பம், செவ்வாய் ஆண்டிக்குப்பம், புதன் கோட்டைக்குப்பம். எந்தக் கிழமை கருவாடு போடக்கூடாது என்பது வருஷம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

இதை ஆயாவின் மதிப்புரைக்கு வைத்தேன். “புதங்கிழமை வேணாம் தம்பி, அன்னிக்கி சங்கத்துக்குப் பணம் கட்டணும். வெள்ளிக்கிழமையா மாத்து. அன்னிக்கி இன்னா ஆவப்போவுது, யாரும் கருவாடு வாங்க மாட்டாங்க.” திருத்தம் ஏற்கப்பட்டு, நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்கு அனுப்பவிருக்கும் படியில் சேர்க்கப்பட்டுள்ளது.