காலி அரண்மனைக்கும் டிக்கெட்டா?

கேள்வி: ஓசூரிலிருந்து பஸ் ஏறி பெங்களூருக்குப் போய் திப்புவின் கோடை அரண்மனையைப் பார்த்தால், தூண்களைத் தவிர ஒன்றுமில்லை. இதற்கு டிக்கெட் வேறா? (ஒரு வாசகர், சிப்காட், ஓசூர்)

பதில்: தூண்களுக்குத்தான் டிக்கெட்! ஹைதர் அலி 1781-இல் தொடங்கி, திப்பு 1791-இல் முடித்த தேக்குமர மாளிகை அது. அந்த ஆண்டு மார்ச்சிலேயே ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்துவிட்டார்; கிரகப்பிரவேசத்துக்கு இத்தனை அவசரமாக வந்த விருந்தாளி வேறு யார்? ஜூலையில் உங்கள் ஓசூரும் விழுந்தது. 1792 உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் கும்பினியிடம் போனது. பிறகு அந்த மாளிகையிலேயே வெள்ளையர் அலுவலகம் நடத்தி, 1868-இல் அட்டாரா கச்சேரிக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். வாடகை கொடுத்ததாகத் தெரியவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799-இல் அவர்கள் அள்ளிய திப்புவின் மரப்புலி இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே அந்த வெற்றிடமே காட்சிப்பொருள்.

‘மைசூர் அரண்மனை மட்டும் ஜொலிக்கிறதே’ என்பீர்கள். ஜொலிக்காமல் என்ன? பழைய மர அரண்மனை 1897-இல் எரிந்தபின், ஹென்றி இர்வின் வரைபடத்தில் 1912-இல் முடிந்தது அது. உடையார்கள் ஆங்கிலேயரோடு அனுசரித்துப் போனார்கள், பொருள்கள் தங்கின. திப்பு மோதினார், போயின. இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும். அதற்காக எல்லா வெறுங்கட்டடத்துக்கும் காசு கொடுக்கச் சொல்லவில்லை. கதை தெரியாதவருக்கு அது வெறும் நிழல்தான். பொருளே வேண்டுமென்றால், எல்லை தாண்டாமல் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நடுகற்கள் இருக்கின்றன. விடுமுறை நாளை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.