பிடித்தேன், விட்டேன்: ஒஸ்லோ கடிதம்

ஒஸ்லோ,
ஆகஸ்ட் மாதம்.

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை கேட்டனுப்பியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்வெட்டர் போடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இல்லை, இன்னும் யாரையும் பார்க்கவில்லை.

உங்கள் கேள்விக்குத்தான் பதில் எழுதக் கொஞ்சம் தயக்கம். "நார்வே முழுக்க மீனாமே, என்ன மீன் வாங்குகிறாய், கிலோ என்ன விலை?" என்று கேட்டிருந்தீர்கள். அன்னங்கோயில் மீன் துறைக்கு விடியற்காலையில் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, ஐஸ் வைத்த மீனா என்று மோந்து பார்த்து வாங்குகிறவர் நீங்கள். நான் சொல்லப்போவதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது. நான் இங்கே சின்னப் படகில் போய் மீன் பிடிக்கிறேன், மாமா. நல்ல காட் மீன். பிடித்த கையோடு அதைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

யார் இந்தக் காட் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு அது பழைய பகையாளி. சின்ன வயதில் சளி பிடித்தால் டாக்டர் எழுதிக்கொடுப்பாரே காட் லிவர் ஆயில், மஞ்சளாக, பளபளவென்று ஒரு மாத்திரை, அது இந்த மீனின் ஈரலிலிருந்து எடுப்பதுதான். முன்பெல்லாம் ஈரலைப் பீப்பாயில் போட்டு அழுகவிட்டு எண்ணெய் எடுத்தார்களாம். 1850-களில் பீட்டர் மொல்லர் என்கிற இந்த ஊர் மருந்துக்கடைக்காரர் பச்சை ஈரலை நீராவியில் வேகவைத்து, வாயில் வைக்கிற மாதிரி எண்ணெய் எடுத்துக் காட்டினார். 'வாயில் வைக்கிற மாதிரி' என்பது அவருடைய கருத்து.

அலுவலக நண்பர் ஒருவருக்குச் சின்னப் படகு இருக்கிறது. கோடையில் கூப்பிடுவார். ஒஸ்லோவுக்குத் தெற்கே கடல் நிலத்துக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு வந்திருக்கிறது. ஒஸ்லோ ஃபியோர்டு என்பார்கள். அலை அதிகம் இருக்காது. தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம். ஆனால் எட்டு மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது மிதவைச் சட்டை போட்டே ஆகவேண்டும், சட்டம். முடசலோடையில் படகு கிளம்பினால் கரையில் நிற்கிறவர்கள் உட்பட ஆளுக்கொரு யோசனை சொல்வார்களே, அந்தச் சத்தத்துக்குப் பழகிய எனக்கு இங்கே காது அடைத்துப்போகிறது. நண்பர் புறப்படும்போது "காற்று இல்லை" என்பார். நடுவழியில் "காபி?" என்பார். திரும்பும்போது "நன்றாக இருந்தது" என்பார். நார்வேக்காரர் கணக்கில் அது வாயாடித்தனம்.

போவது கானாங்கெளுத்திக்கு. இங்கத்திய கானாங்கெளுத்தி நம்முடையதற்கு உறவுதான், கொஞ்சம் கொழுப்பு அதிகம். ஒரே தங்கூசியில் வரிசையாக முள் கட்டி, ஒவ்வொரு முள்ளிலும் பளபளப்பாக ஏதாவது சுற்றி இறக்கினால் இரை இல்லாமலே கடிக்கும். அதற்கு நடுவில் அழைக்காமல் வருவதுதான் காட். முதுகில் மூன்று துடுப்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, தாடைக்குக் கீழே ஒற்றைத் தாடி. கல்யாணத்தில் முதல் பந்தியில் இடம் கிடைக்காத பெரியப்பா மாதிரி ஒரு முகம்.

அதைப் பார்த்ததும் என் வாயில் குழம்பு வாசனை வந்துவிட்டது. நண்பரோ முள்ளைக் கழற்றி விடச் சொல்லி, குறடு ஒன்றை எடுத்து நீட்டினார். கையை முதலில் கடல்நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கை பட்டால் மீன் மேலுள்ள வழுவழுப்பு போய்ப் புண் பிடிக்குமாம். முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்ற வேண்டும். இன்னொன்றும் உண்டு. காட்டின் வயிற்றிலுள்ள காற்றுப்பையில் காற்று வெளியேற வழி கிடையாது. ஆழத்திலிருந்து சரசரவென்று இழுத்தால் பை உப்பி, இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கிவிடும். விட்டாலும் கீழே போக முடியாமல் மேலேயே மிதக்கும். அதனால் ஆழம் குறைந்த இடத்தில் போடு, மெதுவாக இழு என்கிறார்கள். நம் வீட்டில் மீனுக்கு மஞ்சள் தடவித்தான் பழக்கம். முதலுதவி செய்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஏன் இவ்வளவு மரியாதை? தின்று தீர்த்துவிட்டார்கள், மாமா. 2019 ஜூன் 15 முதல், டெலமார்க்கிலிருந்து ஸ்வீடன் எல்லைவரை, கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் யாரும் காட் பிடிக்கக் கூடாது. தொழில்காரருக்கும் அனுமதி இல்லை, என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை மீனவருக்கும் இல்லை. தவறி மாட்டி உயிரோடிருந்தால் கடலுக்கே. இதில் வேடிக்கை என்னவென்றால், சும்மா விளையாட்டுக்கு மீனைப் பிடித்துப் பிடித்து விடுவது வதை என்று இங்கே நிறையப் பேர் முகம் சுளிப்பார்கள். பிடித்தால் தின்னத்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வளர்ந்த முறை. ஆக, வேண்டுமென்றே பிடித்து விட்டால் பாவம், பிடித்ததை விடாவிட்டால் குற்றம். நடுவில் நான் ஈரக்கையோடு நிற்கிறேன்.

தடை போட்டும் காட் பழையபடி திரும்பியபாடில்லை. பிடித்தது மட்டும் காரணமில்லை, ஊர்க் கழிவுநீரும் வயலிலிருந்து வழியும் உரமும் கலந்து, கடலும் சூடாகிவிட்டது என்கிறார்கள்.

நாட்டில் காட்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வடக்கே, பாரென்ட்ஸ் கடலில் இருக்கிறது. அங்கே 1976 முதல் நார்வேயும் சோவியத் யூனியனும், பிறகு நார்வேயும் ரஷ்யாவும் கூட்டுக் குழு வைத்து யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று பங்கு போடுகிறார்கள். கடையில் நான் வாங்குவது அந்த வடக்கத்திக் காட்தான். லோஃபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தில் பிடித்ததை உப்பே போடாமல், மரச்சட்டத்தில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே கருவாடாக்குகிறார்கள். உடல் இத்தாலிக்குப் போகிறது, தலை நைஜீரியாவுக்கு. மீன் தலையை ஏற்றுமதி செய்துவிடுகிற ஊரை எப்படி நம்புவது என்று அத்தை கேட்பார்கள், தெரியும்.

வடக்கே மீன் வெட்டுகிற தொழிற்சாலைகளில் 1980-களின் கடைசியிலிருந்து நம் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடி குருநகர்க்காரர் அந்தோணி இராஜேந்திரம். 1956-லேயே இங்கே வந்து மீன்பிடித் தொழில் கற்றார். பிறகு இந்த நாட்டுக்காரர்களிடமே பணம் திரட்டிக் காரைநகரில் சீநோர் என்று படகு கட்டுகிற நிறுவனம் தொடங்கினார். நம் பக்கமும் நார்வேக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1952-இல் ஒப்பந்தம் போட்டு, கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் வந்து உட்கார்ந்து, இயந்திரப் படகில் அதிகம் மீன் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். அதிகம் பிடிக்க அங்கே வந்து சொல்லிக்கொடுத்தவர்கள், பிடித்ததைக் கடலில் விட இங்கே எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாடம் முழுசாக முடிந்தது.

நண்பரிடம் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மீனை விடுவதில் எங்களுக்கு உங்களைவிட அனுபவம் அதிகம் என்று சொல்லி, அதிபத்த நாயனார் கதையை எடுத்துவிட்டேன். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர். நாள்தோறும் வலையில் வருவதில் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டுவிடுவார். வறுமை வந்து, நாளெல்லாம் வலை வீசி ஒரே மீன் கிடைத்த காலத்திலும் அதையே விட்டார். கடைசியில் பொன்மீன் வந்தது, அதையும் விட்டார். பெரியபுராணம் அரங்கேறியது எங்கள் ஊரான சிதம்பரத்துக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில், இன்றும் ஆவணி ஆயில்யத்தன்று நாகப்பட்டினத்தில் படகில் போய்ப் பொன்மீன் விடுகிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். நண்பர் கடைசிவரை கவனமாகக் கேட்டார். பிறகு, "அவர் எந்தத் துறையின் உத்தரவுப்படி விட்டார்?" என்றார்.

சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது கேள்வி நியாயமாகத்தான் பட்டது. கடல் காலியான பிறகு சட்டம் வந்து விடச் சொல்கிறது. அதிபத்தரோ வலை நிறைய மீன் வந்த நாளிலேயே ஒன்றை விட்டுப் பழகியவர். அதனால்தான் ஒன்றே ஒன்று வந்த நாளிலும் அவருக்குக் கை நடுங்கவில்லை. நீங்களும் டீக்கடை நண்பர்களும் மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற சுருக்குமடி வலைக்காகக் கட்சி பிரிந்து பேசாமல் இருப்பதாக அம்மா சொன்னார்கள். 2000-இல் தமிழக அரசு தடை போட்டது, 2023-இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் என்றது, அதிலும் சண்டை தீரவில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துக்கும் ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள். பிழைப்புப் போகிறவனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால், இங்கே 12 மைலுக்குள் ஒரு மீனுக்குக்கூடக் கணக்கு கேட்கிற நிலைமையைப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: இன்னும் சண்டை போடுமளவுக்காவது நம் கடலில் மீன் இருக்கிறது. இருக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். முதலில் நண்பர்களோடு பேச ஆரம்பியுங்கள்.

அடுத்த கோடையில் நீங்களும் அத்தையும் அவசியம் வரவேண்டும். படகில் கூட்டிப்போகிறேன். குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு கிலோ எடுத்து வாருங்கள், கானாங்கெளுத்திக்கு ஆகும். ஒரே ஒரு நிபந்தனை. தூண்டிலில் காட் மாட்டியதும் அத்தைக்குப் போன் போட்டுப் புளி கரைக்கச் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்